யார் யாருக்குச் சொன்ன பதில்? ஆங்கில இலக்கியத்தைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் முறை

ரிச்சர்ட்சனின் ‘பமீலா’, ஃபீல்டிங்கின் ‘ஷமீலா’, ‘ஜோசப் ஆண்ட்ரூஸ்’, ‘டாம் ஜோன்ஸ்’. இந்த நான்கையும் வெளிவந்த வரிசையில் அடுக்கு என்று ஒரு கேள்வி. ஆங்கிலம் படித்துவிட்டு முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கோ, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கோ தயாராகிறவர்கள் எல்லோரும் இந்த மாதிரிக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். நானும் மல்லுக்கட்டினேன். 1740, 1741, 1742, 1749 என்று நோட்டில் எழுதி, சுவரில் ஒட்டி, பேருந்தில் முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். தேர்வறையில் நாற்பதும் நாற்பத்தொன்றும் இடம் மாறி நின்றன.

அதன் பிறகுதான் அந்த நாவல்களைக் கையில் எடுத்தேன். பமீலா ஒரு வேலைக்காரப் பெண். எஜமானின் தொல்லைக்கு இடங்கொடுக்காமல் நின்று, கடைசியில் அவனையே மணந்து பெரிய வீட்டு அம்மா ஆகிறாள். ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்று அன்றைய வாசகர்கள் கொண்டாடினார்கள். ஃபீல்டிங்குக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒழுக்கமெல்லாம் எஜமானை வளைத்துப் போடப் போட்ட கணக்கு என்று கிண்டல் செய்து, தன் பெயரைப் போடாமல், அடுத்த வருடமே ‘ஷமீலா’வை எழுதினார். அதற்கும் அடுத்த வருடம் பமீலாவுக்கு ஜோசப் என்று ஒரு சகோதரனைப் படைத்தார். இப்போது ஒழுக்கம் காக்க வேண்டியவன் ஆண், துரத்துகிறவள் எஜமானியம்மா. கிண்டலாகத் தொடங்கிய அந்தக் கதை பாதியிலேயே கிண்டலை மறந்து ஒரு முழு நாவலாக வளர்ந்துவிட்டது. அப்படிப் பழகிய கை, ஏழு வருடம் கழித்து, யாரையும் பகடி செய்யாமல் தன் காலில் நின்று எழுதியதுதான் ‘டாம் ஜோன்ஸ்’. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வரிசையை மறக்க வழியே இல்லை.

நம் ஊர்ப்பக்கம் எசப்பாட்டு என்று ஒன்று உண்டு. ஒருவர் ஒரு அடி பாட, எதிரில் இருப்பவர் அதை ஒட்டியோ வெட்டியோ அடுத்த அடி பாடுவார். முதல் பாட்டைக் கேட்காதவருக்கு இரண்டாவது பாட்டு விளங்காது. ஆங்கில இலக்கிய வரலாறும், இலக்கியத் திறனாய்வும், மொழி கற்பித்தல் முறைகளும் இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன என்பது பல வருடம் இதே பாடத்தைப் படித்தும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் எனக்கு உறுதியான ஒன்று. கையேடுகள் செய்கிற கெடுதல் என்னவென்றால், அவை பாட்டுகளைத் தனித்தனியாகப் பிய்த்து அட்டவணையில் போட்டுவிடுகின்றன.

தேர்வுகளின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுநிலை ஆசிரியர் தேர்வில் 150 வினாக்கள்; அதில் 110 பாடத்துக்கு, 30 கல்வியியலுக்கு, 10 பொது அறிவுக்கு. இதோடு தமிழ்த் தகுதித் தாள் ஒன்றும் உண்டு. அதில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் பாடத்தாள் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் திருத்தப்படாது. ஆங்கிலக்காரர்கள் பலர் கடைசி வாரம் வரை இதைத் தள்ளிப்போடுவது எனக்குக் கவலை தருகிறது. நெட்டில் இரண்டு தாள்களும் ஒரே அமர்வில், மூன்று மணி நேரம். பொதுத்தாளில் 50 வினா, பாடத்தாளில் 100 வினா, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். நாடகம், கவிதை, புனைகதை, புனைவல்லாத உரைநடை என்கிற நான்கு மட்டுமே நாம் கல்லூரியில் ‘இலக்கியம்’ என்று படித்தவை. மற்ற ஆறில் மொழியும் கற்பித்தலும், இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாறு, பண்பாட்டு ஆய்வு, திறனாய்வு, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய கோட்பாடுகள், ஆய்வு முறையியல் ஆகியவை வருகின்றன. படிக்கும் நேரத்தில் பெரும்பங்கை முதல் நான்குக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச ஆறைத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் புரட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

தேர்வும் பாடமும் சேர்ந்து பிறந்த கதை

ஆங்கில இலக்கியமும் போட்டித் தேர்வும் இன்று நேற்றுச் சேர்ந்தவை அல்ல. 1813-ம் ஆண்டுச் சாசனச் சட்டம், இந்தியர்களின் கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது. எந்தக் கல்விக்கு என்று தெளிவாகச் சொல்லவில்லை. கல்கத்தாவில் சமஸ்கிருதக் கல்லூரி தொடங்கும் ஏற்பாடு நடந்தபோது, 1823-ல் ராம்மோகன் ராய் தலைமை ஆளுநர் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு எழுதினார்: அது வேண்டாம், கணிதமும் அறிவியலும் கற்றுக்கொடுங்கள். கீழைக் கல்வியை ஆதரித்தவர்களுக்கும் ஆங்கிலக் கல்வியை ஆதரித்தவர்களுக்கும் நடந்த வழக்கில் மெக்காலே போட்ட வாதம்தான் 1835 பிப்ரவரி 2-ம் தேதியிட்ட அந்தப் புகழ்பெற்ற குறிப்பு. மார்ச் 7-ல் அப்போதைய தலைமை ஆளுநர் பென்டிங்க் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டார். நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரி, இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்ற அந்த ஆணவமான வரியை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அது ஒரு லட்சம் ரூபாய்க்கான சண்டையில் எழுந்த வரி என்பது தெரிந்தால் 1813, 1823, 1835 மூன்றும் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி நிற்கும்.

அதே மெக்காலேதான் 1854-ல் இந்திய சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு வைப்பது பற்றிய குழுவுக்கும் தலைமை வகித்தார். 1855-ல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது. மொத்தம் 6,875 மதிப்பெண்ணுக்கான அந்தத் திட்டத்தில் ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு சேர்ந்து 1,500. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. இந்தியாவை ஆள வருகிறவனுக்கு சமஸ்கிருதத்தைவிட ஆங்கிலப் பாடங்கள் நான்கு மடங்கு முக்கியம் என்று அந்த எண்கள் சொல்கின்றன. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் வந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனித் துறைத் தேர்வு வந்தது 1894-ல், கேம்பிரிட்ஜில் 1917-ல். இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த இலக்கியத்தைப் பாடமாக மதிப்பதற்கு முன்பே அது இங்கே பாடமாகிவிட்டது என்பதைக் கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளியிட்ட ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்’ நூலில் விரிவாக நிறுவினார். நெட்டின் ‘இந்தியாவில் ஆங்கிலம்’ அலகுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

இனி இலக்கியத்துக்குள். 1579-ல் ஸ்டீஃபன் காஸன் கவிஞர்களையும் நாடகக்காரர்களையும் சாடி ஒரு சிறுநூல் எழுதி, அதைக் கவிஞர் ஃபிலிப் சிட்னிக்கே காணிக்கையாக்கினார். சிட்னி கவிதைக்காக வாதாடி எழுதியது அதன் பின்தான். 1820-ல் தாமஸ் லவ் பீக்காக், அறிவியல் வளர்ந்த காலத்தில் கவிதைக்கு வேலையில்லை என்று பாதி விளையாட்டாக எழுதினார். நண்பர் ஷெல்லி மறு வருடமே அதற்குப் பதிலாகத் தன் ‘கவிதைக்கு ஒரு வாதம்’ எழுதினார். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாகத் தாண்ட வேண்டும். சிட்னி இறந்தது 1586-ல். அவருடைய நூல் அச்சேறியது 1595-ல். ஷெல்லி இறந்தது 1822-ல்; அவருடைய கட்டுரை வெளிவந்தது 1840-ல். கவிதைக்காக வாதாடிய இருவருமே தங்கள் வாதம் அச்சில் வந்ததைப் பார்க்கவில்லை. கேள்வியில் ‘எழுதப்பட்ட வரிசை’ என்று இருக்கிறதா, ‘வெளியான வரிசை’ என்று இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இந்த இரண்டு மரணங்களை நினைத்தாலே வந்துவிடும்.

பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய உரைநடைக்கும் இதே கதைதான். 1790-ல் எட்மண்ட் பர்க் புரட்சியைக் கண்டித்து எழுதினார். அதே வருடம் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் மனிதர்களின் உரிமைக்காகப் பதில் எழுதினார், மறு வருடம் தாமஸ் பெய்ன் எழுதினார். மனிதர்களுக்கு உரிமை உண்டென்றால் பெண்களுக்கு? 1792-ல் உல்ஸ்டன்கிராஃப்டே அந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டார். மனித உரிமை நூல் முந்தியதா, பெண் உரிமை நூல் முந்தியதா என்று குழம்ப இனி இடமில்லை. காலனியத்துக்குப் பிந்தைய எழுத்தில் இது இன்னும் வெளிப்படை. 1847-ன் ‘ஜேன் அயர்’ நாவலில் மாடியறையில் அடைத்துவைக்கப்பட்ட மனைவிக்கு, 1966-ல் ஜீன் ரீஸ் வேறொரு பெயரும் இளமையும் கொடுத்தார். கான்ராட் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ கதையில் காட்டிய ஆப்பிரிக்காவுக்குச் சினுவா அச்செபே 1958-ல் நாவலாகவும் 1975-ல் சொற்பொழிவாகவும் எதிர்ப்பாட்டுப் பாடினார்.

கோட்பாடுகள் என்றாலே பயப்படுகிறவர்கள் மொழியியலாளர் சசூரில் தொடங்கலாம். 1916-ல், அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, சக பேராசிரியர்கள் மாணவர் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்ட பாடங்கள் இல்லாமல் மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் இல்லை. லெவி ஸ்ட்ராஸ் இல்லாமல், அவரை விமர்சித்துத் தெரிதா 1966-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேசிய பேச்சு இல்லை. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் 1967-ல் சொல்ல, ஆசிரியன் என்றால் யார் என்று ஃபூக்கோ 1969-ல் திருப்பிக் கேட்டார். இந்த அளவுக்குத் தெரிந்துகொண்டு மூலக்கட்டுரையில் பத்துப் பக்கம் படித்தாலே போதும், கூற்று–காரணம் வகைக் கேள்விகளில் பாதி வசப்படும்.

தமிழ் தெரிந்தவரின் கைமுதல்

மொழியியல் பகுதியில் நம்மவர்கள் இழக்கிற மதிப்பெண்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இழக்கவே தேவையில்லாத மதிப்பெண்கள் அவை. ஒலியன், மாற்றொலி என்ற இரண்டையும் பாருங்கள். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றையும் உரக்கச் சொல்லுங்கள். ஒரே ககரம் மூன்று இடத்தில் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆனாலும் தமிழ்க் காதுக்கு அது ஒரே எழுத்து. சொல்லில் நிற்கும் இடம் ஒலியைத் தீர்மானிக்கிறது, பொருள் மாறுவதில்லை. மாற்றொலி என்பது இதுதான். இப்போது ‘கலை’, ‘களை’, ‘கழை’. நாவை மடக்கும் விதம் மட்டுமே மாறுகிறது, பொருள் மூன்றாகிவிடுகிறது. இவை ஒலியன்கள், இந்தச் சொற்கள் குறைந்த வேறுபாட்டு இணைகள். ஆங்கிலத்தில் ‘பின்’ என்ற சொல்லை உதட்டொலி அதிராமல் சொன்னால் ஊசி, அதிரச் சொன்னால் குப்பைத்தொட்டி. அங்கே அவை இரண்டு ஒலியன்கள். தமிழில் ‘பல்’லின் பகரமும் ‘கம்பு’வின் பகரமும் ஒரே ஒலியனின் இரு சாயல்கள். எது ஒலியன் என்பதை அந்தந்த மொழிதான் முடிவு செய்கிறது என்ற அடிப்படைப் பாடத்தை, இரண்டு மொழியிலும் வாய் பழகிய நாம் ஐந்து நிமிடத்தில் பிடிக்கலாம். ஒலி பிறக்கும் இடமும் முயற்சியும் பற்றிய பாடத்துக்குத் தொல்காப்பியத்தின் பிறப்பியலை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று அது எண்ணும் உறுப்புகள்தான் ஆங்கில ஒலியியல் படத்திலும் இருக்கின்றன.

அணியிலும் அப்படியே. பள்ளியில் படித்த ஆகுபெயரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘தலைக்கு ஒரு பழம்’ என்பதில் உறுப்பு ஆளைக் குறிக்கிறது, சினையாகுபெயர். ஆங்கிலத்தில் சினெக்டகி. ‘கோட்டை முடிவெடுத்தது’ என்றால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் சுவர்களா முடிவெடுத்தன? இடம் அரசைக் குறிக்கிறது; மெட்டானமி. யாப்பில் மட்டும் நிதானம் வேண்டும். அசை, சீர், அடி என்று பெயர்கள் ஒத்துப்போவது போலத் தோன்றினாலும், தமிழ் அசை குறில் நெடில் அளவில் நிற்கிறது, ஆங்கில அடி அழுத்தத்தில் நிற்கிறது. நேர், நிரை என்று ஷேக்ஸ்பியரை அலகிட்டால் கணக்கு உதைக்கும்.

எசப்பாட்டில் அடங்காத பகுதிகளும் உண்டு. பரிசு பெற்ற நூல்கள், இதழ்களின் ஆசிரியர்கள், புனைபெயர்கள், ஸ்பென்சர் சரணத்தின் இயைபு அமைப்பு, ஆய்வேட்டில் மேற்கோள் குறிக்கும் விதிகள். இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனால் மனப்பாடத்தை இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நம் வகுப்பறையில் நடந்த வாதம்

நான் அதிகம் பேச விரும்புவது மொழி கற்பித்தல் பற்றி. கையேடுகளில் இது முறைகளின் பட்டியலாக வரும்: இலக்கண மொழிபெயர்ப்பு முறை, நேரடி முறை, கேட்டல்–பேசல் முறை, அமைப்பு முறை, தொடர்பாடல் முறை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து இயல்புகள், ஐந்து குறைகள். இதைப் படித்துவிட்டு எந்த முறை எது என்று தேர்வறையில் தடுமாறுவது இயற்கைதான்.

பாட்டை முதலிலிருந்து கேட்போம். புத்தகத்தைப் பெயர்த்து எழுதவைத்த பழைய முறையில் பிள்ளைகளுக்குப் பேச வரவில்லை. தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேச்சையே கற்பி என்றது நேரடி முறை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்கத்துப் பிள்ளைக்கு உடனடியாக வேண்டியது வாசிப்புத்தான் என்று மறுத்தார். எண்ணி எடுத்த சொற்களைக் கொண்டு பாடநூல்கள் எழுதினார். 1953-ல் வந்த அவருடைய அடிப்படைச் சொற்பட்டியல் இன்றும் பேசப்படுகிறது. போர்க்காலத்து அமெரிக்காவில் ராணுவ வீரர்களுக்கு வேற்று மொழிகளை விரைவாகக் கற்பித்த அனுபவமும், பழக்கமே மொழி என்ற நடத்தையியல் கொள்கையும் சேர்ந்து கேட்டல்–பேசல் முறை உருவானது. அந்தக் கொள்கையை உளவியலாளர் ஸ்கின்னர் 1957-ல் நூலாக்கினார். 1959-ல் மொழியியலாளர் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை அதன் அடித்தளத்தையே ஆட்டியது. சாம்ஸ்கி சொன்ன மொழித்திறன் இலக்கணத்தோடு நின்றுவிடுகிறதே, யாரிடம் எப்போது எப்படிப் பேசுவது என்பதும் திறன் அல்லவா என்று டெல் ஹைம்ஸ் கேட்டார். தொடர்பாடல் முறை அந்தக் கேள்வியில் காலூன்றியது. ஸ்கின்னர் கல்வியியலின் 30 மதிப்பெண்ணிலும் வருகிறவர் என்பதால் இந்த ஒரு கண்ணி இரண்டு பகுதிக்கும் உதவும்.

இந்த வாதத்தின் முக்கியமான ஒரு சுற்று நம் மண்ணில் நடந்தது. 1950-களில் அன்றைய சென்னை மாநிலம் அமைப்பு முறையைக் கையில் எடுத்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தார்கள். ‘இது பேனா, இது என் பேனா, அது அவன் பேனா’ என்று வாக்கிய அமைப்பை ஒவ்வொன்றாக ஏற்றி, திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. வகுப்பில் பிள்ளைகள் பிழையில்லாமல் சொன்னார்கள். வகுப்புக்கு வெளியே அந்த வாக்கியங்கள் அவர்களுக்கு உதவவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் அவரும் அவரோடு சேர்ந்த ஆசிரியர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். இலக்கணப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு ரயில் கால அட்டவணையை வைப்பார்கள். இந்த ஊரிலிருந்து கிளம்பி இத்தனை மணிக்குள் அந்த ஊர் போய்ச்சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்? முதல் கணக்கை ஆசிரியர் வகுப்போடு பேசிப் பேசித் தீர்ப்பார். அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகத் தீர்க்க வேண்டும். விடை சரியா என்றுதான் பார்ப்பார்கள். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே படியும் என்பது அவருடைய துணிபு.

கேள்விக்கு வரும் மூன்று இடைவெளிகள் இங்கிருந்து வந்தவைதான். என்னிடம் இருக்கும் தகவல் உன்னிடம் இல்லை, சொல்கிறேன் என்றால் தகவல் இடைவெளி. கொடுத்த தகவலிலிருந்து கொடுக்காத ஒன்றை யோசித்துக் கண்டுபிடித்தால் தர்க்க இடைவெளி. ரயில் அட்டவணை இந்த வகை, பிரபு பெரிதும் நம்பியதும் இதைத்தான். உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டால் கருத்து இடைவெளி. பெங்களூர்த் திட்டம் என்று உலகம் இதை அறிகிறது. ஒரு பணியைச் செய்யவைத்து அதன் வழியே மொழி கற்பிக்கும் பணிவழிக் கற்பித்தல் பற்றி இன்று எந்த நாட்டில் நூல் எழுதினாலும் கடலூர்ப் பிள்ளைகள் தீர்த்த அந்தக் கணக்குகளுக்கு அதில் பங்கு உண்டு. இதை வெறும் பெயராகவும் ஆண்டாகவும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை.

பிரபுவுக்கும் பதில் வந்தது. இலக்கணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பிழைகள் இறுகிவிடாதா என்று கேட்டார்கள். திட்டத்தை மதிப்பிட வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். 1990-ல் பிரபுவே, சிறந்த முறை என்று ஒன்று இல்லை, ஏன் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரு முறை எந்த ஆசிரியருக்கு உள்ளூர நம்பும்படி இருக்கிறதோ அவர் கையில்தான் அது உயிர்பெறும் என்பது அவர் வந்து சேர்ந்த இடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவில் பேராசிரியரான பா.குமாரவடிவேலு, 1994-ல் ‘முறைக்குப் பிந்தைய நிலை’ என்று அதை இன்னும் முன்னே கொண்டுபோனார். எங்கோ எழுதிய முறையை வாங்கிப் பயன்படுத்துகிறவராக மட்டும் ஆசிரியர் இருக்கக் கூடாது, தன் வகுப்புக்கான கோட்பாட்டைத் தானே கட்ட வேண்டும் என்றார்.

இன்னொரு குரல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்பதே ஒரு மொழி ஏகாதிபத்தியம் என்று ராபர்ட் ஃபிலிப்ஸன் 1992-ல் எழுதியிருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999-ல் அதற்குத் திருத்தம் சொன்னார்: ஆதிக்கம் உண்மை, ஆனால் மாணவர்கள் கைகட்டி நிற்கவில்லை. அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று, மாணவர்கள் திருப்பிக் கொடுத்த பாடநூல்கள். அமெரிக்க வாழ்க்கையை வைத்து எழுதிய அந்தப் பக்கங்களின் ஓரங்களில் அவர்கள் படங்களும் வாசகங்களும் கிறுக்கியிருந்தார்கள். தங்கள் ஊர், தங்கள் போர், தங்கள் காதல் எல்லாம் அந்த ஓரங்களில் இருந்தன. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் பாடநூலுக்குச் சொன்ன பதில் அது. கனகராஜா அந்த ஓரங்களை வரி வரியாகப் படித்தார். அவர் எழுதியதை இப்போது நாம் பாடமாகப் படிக்கிறோம்.